காலர் மைக்

என்னைத் தள்ளிவைத்த புருஷனுக்கு அன்று சாயங்காலம் வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவி. பெரிய ஜவுளிக்கடைக்காரன், கேட்பானேன். எனக்கு வயிறு எரிந்தது. நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

காரணம் இருக்கிறது. அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள நான் வெளியே போக வேண்டியிருந்தது. அதற்காக, மாமியாருக்கு வேண்டுமென்றே மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வேறு எந்தப் பழியையும் துடைத்துப் போட்டிருப்பேன். இதற்குப் பிறகு நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை அட்டையை எல்லாரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பெட்டி அடுக்கப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு மைக்செட்காரர் மட்டும் பின்னறைவரை வந்து என்னிடமே தலைவலி மாத்திரை கேட்டார். அட்டையைப் பார்க்காமலே அங்கேயே விழுங்கினார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிற மனுஷர், சொந்த வாயைத் திறக்க மாட்டார். அவருடைய அக்கா அவர் மனைவியைக் கண்டபடி ஏசியபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த மனைவி அவரை விட்டுப் போயே போய்விட்டாள்.

சங்க விழாவுக்கும் அவர்தான் மைக். அவன் மேடை ஏறுவதற்கு முன்பே காலர் மைக்கைத் திறந்துவிடுங்கள், நான் போய் அவன் வாயைக் கிளறுகிறேன் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். பேசுகிறவர் மேடை ஏறும்வரை மைக்கை மூடியே வைத்திருப்பது அவர் வழக்கம். அதை நம்பித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். கோழை என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆத்திரம் அடங்கவில்லை. விழா தொடங்குமுன் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தேன். அவன் காலரில் மைக்கோடு தலை வாரிக்கொண்டிருந்தான்.

"உங்கம்மாவுக்கு நான் என்ன மாத்திரையை மாத்திக் குடுத்தேன்?"

சிரித்தான். "நீ எதையும் மாத்தல. அப்படிச் சொல்லலைன்னா நீ கிளம்பியிருப்பியா? இந்த ஊர் எதைச் சொன்னாலும் நம்பும்."

'நம்பும்' என்று தெருமுனை ஒலிபெருக்கியும் சொன்னது. அவன் கை காலருக்குப் பறந்தது.

நான் கூட்டத்துக்கு நடுவிலேயே, எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக வெளியே நடந்தேன். வரவேற்புரை படிக்க வந்தவர் தாளை மடித்துக்கொண்டிருந்தார். என் முதலாளி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இனித்தது.

வாசலில் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மூட மறந்துட்டேன்" என்றார். மறதி என்பதே கிடையாத ஆள். ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நீங்க உள்ள போறதைப் பாத்தேன். அன்னிக்கு அவளுக்காக வாயத் திறக்கல. இன்னிக்கும் எனக்குப் பேச வராது. அதான் மைக்கைத் திறந்துவிட்டேன்" என்றார்.

இனி உங்களை யாரும் கூப்பிட மாட்டார்களே என்றேன். தெரியும் என்றார். ஒயரின் மறுமுனையை நான் எடுத்துச் சுருட்டினேன்.

மறுநாள் முதலாளி என்னை முன்மேசைக்கே வரச் சொன்னார். என் பழைய கொழுந்தன் வந்தான். அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதாம். நான் கொடுத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரியான மாத்திரைதான். விடாம போடச் சொல்லு" என்றேன். "உங்கண்ணன் ரொம்ப நாள் நல்லா இருக்கணும். இருந்து, நான் பக்கத்து வீட்டுக்கு வாழப் போறதைப் பாக்கணும்."