கன்னம் காணாமல் போன பேனர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தன் உடம்பைப் பற்றித் துளியும் கவலைப்படாத இளைஞன் ஒருவன்தான் உண்டு. அது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மாவட்டத்தின் நலன் கருதிச் சொல்கிறேன்.

என் வகுப்பில் வெற்றிவேல் என்று ஒருவன் இருக்கிறான். பக்கத்தில் யாராவது செல்போனைத் தூக்கினாலே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். மணி பார்க்கத் தூக்கினாலும் இழுப்பான். எடுத்த படத்தையும் சும்மா விடமாட்டான். தாடையைச் செதுக்கி, நிறத்தைக் கூட்டி, கடைசியில் அவன் அம்மாவே "தம்பி யாருப்பா?" என்று கேட்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்துதான் வெளியிடுவான். கல்லூரி ஆண்டுவிழா மேடையில் இவனைப் பற்றி நான் பேசியபோது கல்லூரி முதல்வரே சிரித்தார். சிரித்துவிட்டு, தலையில் அடித்த சாயம் சரியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் என் தங்கைக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் எழில்மதி. எட்டாம் வகுப்பு. ஊருக்கு அவள் பாப்பு. எழில்மதி யாரென்று கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பக்கத்துத் தெருவைக் கை காட்டுவார்கள். நல்ல கறுப்பு, இரண்டு பக்கமும் உப்பிய கன்னம். சிரித்தால் கண் இருக்குமிடம் தெரியாது.

தாய்மாமன் பச்சமுத்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் பெரிய பேனர் கட்டிவிட்டார். அதில் வெள்ளைவெளேரென்று, முகவாய் ஊசியாக, கழுத்தும் கையும் குச்சியாக ஒரு பெண் நின்றாள். பக்கத்தில் தொப்பை இல்லாத, நரை இல்லாத ஓர் ஆள் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே 'எழில்மதியை வாழ்த்தும் தாய்மாமன் பச்சமுத்து' என்று எழுதியிருந்ததால்தான் அது மாமா என்றே எனக்குத் தெரிந்தது.

பாப்பு அதை அண்ணாந்து பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். பொண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அம்மா பூரித்துப் போனாள்.

அந்த வாரம் முழுக்க உறவுக்காரர்கள் உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு உறுதியாக வேண்டுமென்று வெல்லமும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்கக் கொடுப்பது. பாப்பு ஒவ்வொரு கிண்ணத்தையும் யாருக்கும் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். அண்ணன்மேல் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். களியையும் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வாக்கில் என் பேண்ட் பட்டன் மாட்ட மறுத்தது. துணி சுருங்கிவிட்டது.

அன்றைக்கே பள்ளியிலிருந்து போன் வந்தது. காலை வழிபாட்டு வரிசையில் பாப்பு மயங்கி விழுந்துவிட்டாளாம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போயிருந்ததால் நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பும் வழியில் மோர்க்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"காலையில இன்னா துண்ண?"

"தண்ணி."

"நேத்து ராத்திரி?"

"துண்ணேன்."

"இன்னா துண்ண?"

"தண்ணிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மோர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் பேனரப் பாத்துட்டு வந்து என்னப் பாப்பாங்கண்ணா. அதுக்குள்ள அவ மாதிரி ஆவணும்."

உள்ளத்து அழகு, தன்னம்பிக்கை, சத்துணவு என்று நான் ஆரம்பித்தேன். மேடையில் பேசுவது போலவே இருக்கிறது என்றாள். பிறகு மோர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நான் இருக்கறது நல்லா இல்லன்னுதான மாமா மாத்தச் சொல்லிச்சி?"

கடைக்காரர் பக்கம் திரும்பினேன். இன்னொரு மோர் சொன்னேன். பாதி குடித்தாள்.

இதற்குள் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. பேனரில் இருப்பது பாப்பு இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் பச்சமுத்து வேறு யாரோ ஒரு பெண்ணுக்கும் தாய்மாமன். அதற்கு அவருக்கு இன்னொரு அக்கா இருக்க வேண்டும். ஆக, செத்துப் பல வருடமான எங்கள் தாத்தாவின் ஒழுக்கம் கேள்விக்குள்ளானது. செய்தி டவுன் பஸ் ஏறி மூங்கில்துறைப்பட்டு வரை போய், மறுநாள் காலையில் மாமாவின் மனைவி இருசம்மாள் அத்தையாகத் திரும்பி வந்தது. பின்னாலேயே மாமாவும் வந்தார்.

"அண்ணி, ஒங்க தம்பி இன்னும் எத்தினி வூட்டுக்குத் தாய்மாமன்னு இன்னிக்குத் தெரிஞ்சாவணும்" என்று அத்தை வாசலிலேயே நின்றார்.

அது பாப்புதான் என்று மாமா சத்தியம் செய்தார். பேனர் படத்தைப் போனில் காட்டினார். அத்தை அதையும், சுவரோரம் நின்ற பாப்புவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவா பாப்பு? இவ கன்னத்த எங்கய்யா வெச்சிட்டு வந்த?"

மாமா தலையைச் சொறிந்தார். அவளை மாற்றச் சொன்னீர்களா, இல்லையா என்று நான்தான் கேட்டேன். பாப்பு நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"நான் இன்னாத்துக்குடா அவள மாத்தச் சொல்றேன்? அவதான் லட்சணமா இருக்கறாளே. எந்தொப்பையத்தான் எடுக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே படத்துல இருக்கங்காட்டி பேனர்காரன் கையோட அவளுதையும் எடுத்துட்டான் போல."

"தொப்ப இருந்தா இன்னா மாமா?" என்றாள் பாப்பு.

"மண்டபத்துல எல்லாரும் பாப்பாங்க இல்ல?" என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். அரும்பு மீசைப் பையன் போலக் கூச்சத்தோடு சொன்னார்.

பாப்பு சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கண் காணாமல் போனது.

அத்தை தன் போனில் தேடி ஒரு படத்தை எடுத்தார். மாமாவின் டிராக்டர் மேல் உட்கார்ந்து பாப்பு கரும்பு கடிக்கும் படம். ஒரு கன்னம் இன்னும் பெரிதாக வீங்கியிருந்தது. இதைப் போடலாமா என்று அத்தை அவளிடம்தான் கேட்டார், எங்கள் யாரிடமும் இல்லை. பாப்பு ரொம்ப நேரம் பார்த்தாள். பல் நல்லா இருக்குது, போடுங்க என்றாள். பிறகு களி இருக்கிறதா என்று கேட்டாள்.

களி இல்லை. அது எங்கே போனது என்று நான் விளக்கவில்லை. அம்மா தோசை சுட்டாள். பாப்பு இரண்டு தின்றுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூன்றாவது கேட்டாள்.

மதியம் எல்லோரும் அந்தப் பேனரை அடித்த ஆல்பர்ட் அண்ணனின் கடையில் நின்றோம். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாப்புவின் நிறத்தை, கன்னத்தை, கடைசியாக மாமாவின் தொப்பையையும் திரையில் திருப்பி வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் வந்து சேரும்போது பாப்பு கைதட்டினாள். மாமா மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஓரத்தில் 'அன்பு அண்ணன்' என்று போட்டு என் படத்தையும் சேர்க்க முடிவானது. ஆல்பர்ட் அண்ணன் அங்கேயே என்னை நிற்க வைத்து ஒன்று எடுத்தார். எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். நான் வரவில்லை, எழுத்துப்பிழை பார்க்க ஆள் வேண்டும் என்றேன்.

திரையில் என் முகம் வந்தது. முகத்துக்குக் கீழே கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு முகம் தொடங்கியிருந்தது.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, தாடைக்குக் கீழ நெழலு ஜாஸ்தியா வுழுந்துக்கினு இருக்குது" என்றேன். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

அவர் சுட்டியை நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.