கொச்சியிலிருந்து ஒரு மணி நேரம்

"இருநூத்தம்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரந்தானுங்க. நம்ம மலையிலிருந்து பஸ்ஸுல நாமக்கல் போய்ச் சேர அதைவிட நேரமாவும்."

நேற்று போனில் கணவன் கார்த்தியிடம் இப்படிச் சொன்னவள் சுகுணாதான். ரயிலில் வருவதாகத்தான் அவன் கெஞ்சினான். கொச்சியில் மிளகு குடோனில் வேலை பார்ப்பவன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நிறைமாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இன்றே நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று நர்ஸ் ரோஸ்லின் சொல்லிவிட்டார். கார்த்தி சேலத்தில் இறங்கி நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. விமானம் இறங்கியது தெரியாமல் ஏறமாட்டேன் என்று கொல்லிமலை சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள் சுகுணா.

ரோஸ்லினின் செல்போனில், வரைபடத்தின் மேல், குட்டி மஞ்சள் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பத்துக்கு இறங்க வேண்டியது, இரண்டேகாலுக்குக் கொல்லிமலைப் பக்கமாக வட்டமடித்தது.

"எதுக்குங்க சிஸ்டர் சுத்துது?"

"சேலத்துல மழையா இருக்கும். கொஞ்சம் பொறுத்து இறக்குவாங்க."

இங்கேயும் மேகம் இறங்கி, எதிரிலிருந்த சவுக்கு மரங்களை மறைத்துவிட்டது. மின்விசிறி நின்றது. மறுபடி பார்த்தபோது மஞ்சள் விமானமும் நின்றிருந்தது. மலையின் பச்சைக்கு நேர் மேலே.

ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து.

பனி மூடினால் பஸ் டிரைவர் வளைவில் ஓரங்கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். சுகுணாவுக்குத் தெரிந்த பயணம் அதுதான்.

"பஸ்ஸுன்னா நிக்கும். பிளேன் எப்படிங்க நிக்கும்?"

ரோஸ்லின் ஒரு கையால் திரையைத் தட்டிப் பார்த்தார். கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தார். பள்ளத்தில் எங்கோ மரம் சாயும் சத்தம் கேட்டது. சுகுணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான்தானே ஏறச் சொன்னேன்? நான்தானே?

ஆம்புலன்ஸ் டிரைவர் மாணிக்கம் எட்டிப் பார்த்தார். "அட, டவரே இல்லீங்களே சிஸ்டர். கரண்ட் போனா இங்க டவரும் படுத்துக்கும். நாலு வருசமா மலையில இருக்கறீங்க, இது தெரியாதுங்களா?"

"அப்ப அவருக்கு ஒண்ணுமில்லீங்களாண்ணா?"

"அது எனக்கெப்படித் தெரியும் சாமி? கீழே போனா டவர் கெடைக்கும்."

அதற்காகத்தான் ஏறினாள்.

எழுபது வளைவுகள். தன் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவின் எண்ணையும் பார்த்து வந்தாள். ஐம்பத்திரண்டில் பனி கண்ணாடியை அடைத்தது. மாணிக்கம் வண்டியை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்கண்ணா!"

"பிளேன் ஓட்டறவரும் என்னை மாதிரிதான் இருப்பாரு சாமி. கண்ணு தெரியலேன்னா எறக்கமாட்டாரு."

அவள் நம்பவில்லை. உள்ளே குழந்தை ஒருமுறை உதைத்துவிட்டு அடங்கியது. அதுவும் பயமாக இருந்தது. பனி விலகியதும் வண்டி மெல்ல நகர்ந்தது.

முப்பத்தாறாவது வளைவில் போன் அடித்தது. இரண்டு முறை விரல் தவறிய பிறகே எடுத்தாள்.

"சுகுணா... கோயமுத்தூர்ல எறக்கிட்டாங்க. சேலத்துல ஒரே மழை. மூணு சுத்து சுத்தினாங்க கண்ணு. உன்கிட்ட இனி பேசவே முடியாதுன்னு நெனச்சுட்டேன்." கார்த்தியின் குரல் உடைந்தது. "பஸ்ஸுலயே வாரேன்."

சுகுணா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க... காலு தரையில இருக்குதுங்களா?"

"இருக்குது. ஒத்தச் செருப்பைத்தான் காணோம்."