கழித்த கோழிகள்

அட்டைப் பெட்டியைப் பின்முற்றத்தில் சாய்த்துத் திறந்தபோது கோழிகள் வெளியே வரவில்லை. ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றன. அவள் கத்தியால் பெட்டியின் நான்கு மூலைகளையும் கிழித்துத் தரையோடு தரையாக விரித்துவிட்டாள். இப்போது சுவர் என்று எதுவுமில்லை. அப்போதும் ஒன்றுகூட அட்டையின் விளிம்பைத் தாண்டவில்லை. கம்பியை மட்டுமே மிதித்து வளர்ந்த கால்கள்; நகங்கள் நீண்டு கொக்கிபோல் வளைந்திருந்தன. கொண்டைகள் வெளுத்துத் தொங்கின. ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை. முன்னால் மண் இருந்தது, புல் இருந்தது, பப்பாளி மரத்தின் நிழல் இருந்தது. ஐந்தும் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தன. பார்த்துவிட்டுக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டன. தீவனத் தொட்டிக்குக் கம்பிகளின் ஊடே தலையை நீட்டி இழுப்பதுபோலவே இருந்தது அது.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. முட்டைப் பண்ணையில் பத்தொன்பது வருடம் வேலை. வரும் முட்டைகளை விளக்கின் மேல் தூக்கிப் பிடித்து விரிசல் பார்ப்பது, அளவு பார்த்து அட்டைகளில் அடுக்குவது. தெருவில் அவளுக்குப் பெயரே முட்டையக்கா. ஆனால் கோழிகளோடு அவளுக்குப் பெரிய பழக்கம் கிடையாது. அவை நீண்ட ஷெட்டுகளில் ஒரு கூண்டுக்கு நான்காக நின்றுகொண்டிருக்கும். முட்டை மட்டும் சரிவில் உருண்டு அவளிடம் வந்து சேரும். போன மாதம் முட்டையைத் தரம் பிரிக்கும் இயந்திரம் வந்தது. இனி விளக்கு வேண்டாம், கண்ணும் வேண்டாம் என்றார்கள். அவள் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிய அன்று, முட்டை குறைந்துபோன கோழிகளைக் கழித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாக, கைக்கு நான்கு. அவள் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு ஐந்து கொடு என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"எதுக்குக்கா இதுங்க? எலும்பத் தவிர ஒண்ணுமில்ல. கொழம்புக்குக்கூட ஆகாது."

"கொழம்புக்கு இல்ல."

"அப்புறம்?"

"சும்மாதான்" என்றாள். அவன் சிரித்துவிட்டு, உங்களையும் இதுகளையும் ஒரே நாளில் வெளியே அனுப்புகிறோம், சேர்ந்தே போங்கள் என்று ஒரு பெட்டியும் கொடுத்தான். பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அட்டையின் ஓட்டைகள் வழியாக அவற்றின் சூடு அவள் தொடையில் இறங்கியது. பத்தொன்பது வருடத்தில் அந்த இடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஒரே பொருள் இதுதான் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள்தான் ஒன்று அட்டையைவிட்டு இறங்கியது. தீவனத் தட்டை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தாள், பசி இறக்கிவிட்டது. கால் மண்ணில் பட்டதும் சூடான தோசைக்கல்லை மிதித்ததுபோலத் தூக்கிக்கொண்டது. பிறகு மெதுவாக வைத்தது. பிறகு அடுத்த கால். மாலைக்குள் அது முற்றம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று குறை கண்டுபிடிப்பதுபோலத் தலையைச் சாய்த்தது. அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். மற்ற நான்கும் மேஸ்திரியின் பின்னால் வந்தன. குஞ்சாக இருந்தபோதே அலகின் நுனியை வெட்டிவிட்டிருந்ததால் புல்லைப் பிடிக்கத் தெரியவில்லை. கொத்திக் கொத்தி நழுவவிட்டன. ஒரு வாரம் கழித்து, தலையைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு வெட்டுப்பட்ட அலகால் கவ்வும் வழியை அவையாகவே கண்டுபிடித்தன.

ஒருநாள் மொட்டைக் கழுத்துக் கோழி பப்பாளியின் அடியில் விழுந்து துடித்தது. காலை உதைத்து, இறக்கையை அடித்து, கண் செருகிக் கிடந்தது. வலிப்பு என்று நினைத்து அவள் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். கோழி எழுந்து, உடம்பெல்லாம் சேறாக, அவளை ஒரு முறை முறைத்தது. அப்புறம் நான்கடி தள்ளிப்போய்க் காய்ந்த மண்ணில் மறுபடி படுத்து மறுபடி அதே துடிப்பு. அது மண்குளியல் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சொம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை லட்சம் முட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாள். ஒரு கோழி குளிப்பதைப் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபோது யார் மீதென்று தெரியாமல் கோபமும் வந்திருந்தது.

அந்த வீட்டை அப்பா பிரித்துக் கொடுத்தபோது மாடி தம்பிக்கு, கீழ்வீடும் பின்முற்றமும் அவளுக்கு. தம்பிக்கு வங்கியில் வேலை. தெருவின் குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினன். நாலு பேர் வணக்கம் சொல்லும்படி வாழ வேண்டும் என்று நினைப்பவன், கெட்டவன் இல்லை. அக்காவுக்குப் பொழுதுபோக வேண்டாமா என்று முதலில் அவனே சொன்னான். அவளுக்கு ஒரு பல் மருத்துவரிடம் வேலை கிடைத்தது. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கருவிகளைக் கொதிக்க வைத்துத் துடைத்து அடுக்குவது. கோழிகள் பகலெல்லாம் தம் இஷ்டத்துக்குத் திரிந்தன. இருட்டினால் பழைய மர அலமாரியைப் படுக்கப்போட்டு அவள் செய்திருந்த கூட்டுக்குள் போய் அடைந்தன. கொண்டைகள் சிவந்தன. மொட்டைக்குக் கழுத்தில் முள்முள்ளாக இறகு முளைத்தது. நின்றுபோயிருந்த முட்டை மறுபடி வந்தது. அதற்கென்று போட்ட வைக்கோலில் அல்ல. தண்ணீர்த் தொட்டியின் பின்னால், விறகுக்கு நடுவில், ஒருநாள் மாடிப்படியின் கீழ் தம்பி கழற்றி வைத்த ஹெல்மெட்டுக்குள். அவன் அவசரமாக எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிய காலை அது. அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றிலிருந்து தம்பி கோழிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அது நல்ல அறிகுறியாக இல்லை.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் காலடியால் அளந்து பார்த்தே பேசுவார். கோழிகள் வேலி இடுக்கு வழியே போய் அவர் நட்ட பூச்செடிகளைக் கிளறிவிட்டன. பள்ளம் இரண்டடிக்கு ஒன்றரையடி என்று வந்து சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டாள், புதுச் செடிகள் வாங்கித் தானே நட்டுக் கொடுத்தாள், வேலிக்கு வலை கட்டினாள். பத்து நாள் கழித்து சங்கத்தின் முத்திரை குத்திய கடிதம் வந்தது: கோழிகளைக் கூண்டில் அடைக்கவும் அல்லது அப்புறப்படுத்தவும். கீழே உறுப்பினர்களின் கையெழுத்துகள். ஐந்தாவதாகத் தம்பியின் கையெழுத்து இருந்தது. சின்ன வயதில் அவள் சொல்லிக் கொடுத்த அதே வளைவோடு. கடிதத்தை மடித்து அரிசி டப்பாவின் அடியில் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் இரண்டரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பியபோது முற்றம் அமைதியாக இருந்தது. வாசல் சத்தம் கேட்டதும் ஓடிவரும் மேஸ்திரியைக் காணோம். பப்பாளியின் அடியில் பளபளவென்று புதுக் கம்பிக் கூண்டு. உள்ளே ஐந்தும் இருந்தன. கத்தவில்லை, முட்டிமோதவில்லை. தோளோடு தோள் ஒட்டி, முன்பக்கம் பார்த்து, வரிசையாக நின்றன. மூன்று மாதம் திரிந்த கோழிகள்; அந்த இடத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பதை ஒரு நொடியில் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. புடவையைக்கூட மாற்றாமல் உள்ளே போய்க் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துவந்தாள்.

தம்பி ஆறு மணிக்கு வந்தபோது கூண்டு, கூண்டாக இல்லை. ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, கம்பி வலைகளைத் தனித்தனியாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"புதுசுக்கா. மத்தியானம் பர்மிஷன் போட்டு, ரெண்டு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தேன்."

"நல்ல கூண்டுதான். குறை சொல்ல மாட்டேன்."

"தெருவுல என்னையத்தான கேக்குறாங்க. வேலைக்குப் போற எடத்துல, கடையில, எங்க பாத்தாலும் ஒங்கக்கா கோழிதான். அடைச்சு வெச்சா என்ன கொறஞ்சிடும்? கோழிக்கு என்னக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல."

அவன் அவள் கையைப் பார்த்தான். மருந்து போடு என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அன்று முதல் மாடியிலிருந்து குழம்புக் கிண்ணம் இறங்கவில்லை. அவளும் முட்டை அனுப்பவில்லை.

அதன் பிறகுதான் நாய் வந்தது. தண்ணீர் லாரிக்காரன் மதில்சுவரின் முன்கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருந்தான். பட்டப்பகல், அவள் வீட்டில் இருந்தாள், துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மொட்டைக் கழுத்துக் கோழி. கழுத்து முழுக்க இறகு மூடி, மொட்டை என்று கூப்பிடுவதே கேலியாக மாறிவிட்டிருந்தது அதற்குள். நாயைக் கல்லால் அடித்துத் துரத்தி, கோழியை மீட்டு, மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டுத் தம்பியும் இறங்கி வந்தான். அன்று விடுமுறை. அவன் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"கூண்டுல இருந்திருந்தா உசுரோட இருந்திருக்கும்."

"ஆமா" என்றாள் அவள். "இருந்திருக்கும்."

அவனே கடப்பாரை எடுத்துப் பப்பாளிக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிக் கொடுத்தான். அவள் முன்கதவின் அடியில் செங்கல் அடுக்கினாள், தாழ்ப்பாளை மாற்றினாள். மறுநாள் காலை கூட்டின் கதவில் கை வைத்தவள் திறக்காமல் நின்றாள். உள்ளே நான்கும் கால் மாற்றி மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. திறக்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் நடக்காது. நாளைக்கும் நடக்காது. பத்தொன்பது வருடம் அப்படித்தான் ஒன்றும் நடக்காமல் போனது. அவளுக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்: கல்யாணம் முறிந்து திரும்பி வந்தபோது, வெளியூரில் ஒரு நல்ல வேலை கூப்பிட்டபோது. பத்திரமாக இரு. இருந்தாள். கையில் தாழ்ப்பாள் சில்லென்றிருந்தது. நேற்றைய மொட்டையின் எடை இன்னும் மடியில் இருப்பதுபோல இருந்தது. பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே திறந்தாள். மேஸ்திரி முதலில் வந்து, வாசலில் நின்று, முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கியது.

சங்கம் நகர அலுவலகத்துக்குப் புகார் எழுதியது. சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை தம்பி, பல நாள் கழித்து, அவள் சமையலறை வாசலில் வந்து நின்றான். தன்னோடு வேலை செய்பவருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருக்கிறது, இரண்டு நாள் கோழிகளை அங்கே விட்டுவைக்கலாம், அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனபின் கொண்டுவரலாம் என்றான். நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னான். அவன் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஒளிச்சு வெக்கிறதுக்கு நான் என்ன திருடிட்டா வந்தேன்? கேட்டு வாங்கிட்டு வந்தேன். வர்றவரு வந்து பாக்கட்டும்."

"எடுத்துட்டுப் போகச் சொன்னா?"

"யார் வந்து எடுக்கிறாங்கன்னு பாக்குறேன்."

அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அவள் மருத்துவரிடம் விடுப்புச் சொல்லிவிட்டு முற்றத்தைப் பெருக்கினாள். கூட்டைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். எச்சத்தை அள்ளிப் பப்பாளிக்குப் போட்டு மண்ணால் மூடினாள். நல்ல புடவை உடுத்தி, சங்கத்தின் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மணி பத்தடித்துக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் செயலாளர் தெரிந்தார். பழக்கத்தில் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பக்கத்தில் கோப்போடு வந்த அதிகாரி குடை பிடித்த ஓர் இளம்பெண். எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி பாதிப்படி இறங்கி, இறங்குவதா ஏறுவதா என்று தெரியாதவன்போல நின்று, பிறகு மீதிப் படிகளையும் இறங்கி அவளுக்கு ஓரடி பின்னால் வந்து நின்றுகொண்டான்.

அப்போதுதான் பின்னால் படபடவென்று ஒரு சத்தம். மேஸ்திரி துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்குத் தாவி, அதுவரை ஒருநாளும் செய்யாத விதமாக இறக்கையை அடித்து எழும்பி, தெருவைப் பார்த்த மதில்சுவரின் மேல் போய் இறங்கியது. ஒரு கணம் தடுமாறியது. சுவரின் விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டது.

"அக்கா, கீழ எறக்கு" என்றான் தம்பி மெதுவாக. "வந்துட்டாங்க."

அவள் கை நீட்டவில்லை. சூ என்று சொல்லவுமில்லை. அதிகாரி குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் கொண்டை ரத்தச் சிவப்பாக இருந்தது. கோழி தலையை ஒரு பக்கம் சாய்த்து அதிகாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தது, பிறகு செயலாளரை, பிறகு அவர்களுக்குப் பின்னால் நீண்டு கிடந்த தெரு முழுவதையும்.