கொதிக்கும் பானைக்கு ஒரு ஓட்டு

எங்கள் ஊர் ஆர்ல்காம்பின் பிரதிநிதியாக ஜெர்வேஸ் ஹாலோவே பார்லிமெண்டுக்குப் போனது, மனைவி லெட்டிஸின் அண்ணன் தயவில். அந்த அண்ணன் சர் பெவில், ஊரில் பாதிக்குச் சொந்தக்காரர். அவர் சொன்ன பக்கம் ஜெர்வேஸ் ஓட்டுப் போடுவார், வாயே திறக்கமாட்டார். மனிதருக்கு அப்படி ஒரு கூச்சம்.

ஊர் மாடுகள் மேயும் பொதுப் புல்வெளியைத் தனக்கென்று வேலி போட்டுக்கொள்ள சர் பெவில் ஒரு மசோதா கொண்டுவர வைத்தார். அன்று ஜெர்வேஸ் எழுந்தார்.

"வேலி போட்டுட்டா எங்க ஊர்க்காரங்க மாட்டை எங்கே மேய்ப்பாங்க? அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

சபை அவர் பக்கம் சாய்ந்தது. மசோதா தோற்றது.

"நான் தூக்கிவிட்ட ஆளு, எனக்கே குழி பறிக்கிறீங்களா மாப்பிள்ளை?" என்று வெளியே கத்தினார் சர் பெவில்.

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது லெட்டிஸ் சிரித்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்! அண்ணனை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த தேர்தலில் சர் பெவில் தன் மகனையே நிறுத்தினார். சந்தையில் பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் மது இலவசமாக ஓடியது. எங்கள் ஊரில் சொந்த அடுப்பில் பானை கொதிக்க வைக்கும், அதாவது தனிக் குடும்பம் நடத்தும், ஆண்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. பெண்களுக்கு இல்லை. ஆனால் பானை யார் கையில்? லெட்டிஸ் இரண்டு மகள்களோடு ஒவ்வொரு சமையலறையாக நுழைந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் உங்க அண்ணன் சரக்கைக் குடிச்சுட்டாரேம்மா!" என்றாள் பீப்பாய் செய்யும் டோபியாஸின் மனைவி.

"நல்லா குடிக்கட்டும். ஓட்டை மட்டும் எங்க வீட்டுக்காரருக்குப் போடச் சொல்லு."

மேடையேறி எல்லார் முன்னாலும் வேட்பாளர் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போடவேண்டும். எதிரே சர் பெவில் முறைத்துக்கொண்டு நின்றார். டோபியாஸ் தள்ளாடி ஏறி, "ஹாலோவே!" என்று கத்திவிட்டு அவர் பக்கம் குனிந்தான். "சரக்கு பிரமாதம், எஜமான்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதன்பின் ஒருவரும் பயப்படவில்லை.

ஜெயித்தவரை நாற்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினோம். அவருடைய பொய்முடி சாக்கடையில் விழுந்தது.

"லெட்டிஸ், பயமா இருக்கு, இறக்கச் சொல்லு!"

"கெட்டியா பிடிச்சுக்கோங்க, மெம்பர் ஐயா!"

சர் பெவில் வெகுநாள் பேசவில்லை. லெட்டிஸின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மட்டும், அழைக்காமலே, ஒரு முழு மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"உள்ளே வாங்க மச்சான், சூப்பு ஆறுது" என்றார் ஜெர்வேஸ்.