பனைமரத்து வெள்ளம்

ஆண்டியப்பன் பொய் சொல்லி இன்றோடு ஒரு வாரமாகியிருந்தது. அவருக்கு அது நீண்ட இடைவெளிதான்.

பாலத்துக்கு இடம் பார்க்க வந்த இன்ஜினியர் பிரகதீஸ்வரி, பழைய புயலில் ஆறு எதுவரை ஏறியது என்று அவரிடம் கேட்டிருந்தாள். ஆற்றில் அளவுகோல் எதுவும் இல்லாததால், கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதையும் மழைக் கணக்கையும் சாட்டிலைட் படங்களையும் கம்ப்யூட்டரிடம் கொடுப்பார்களாம். அது எல்லாவற்றையும் படித்து, வருகிற காலத்தில் எந்த இடம் முங்கும், எங்கே பாலம் நிற்கும் என்று தானே சொல்லுமாம். நிறையத் தண்ணீர் என்றால் பெரிய பாலமாகக் கொடுப்பார்கள் என்று ஆண்டியப்பன் கணக்குப் போட்டார். கரையோரப் பனையின் உச்சியைக் காட்டினார். காக்கைக் கூட்டில் கெளுத்தி மீன் முட்டையிட்டதையும் சொன்னார். கெளுத்தி மட்டும் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் அவரை முழுசாக நம்பிவிட்டது. வாழ்நாளில் அவரை அப்படி நம்பியது அது ஒன்றுதான். 'இங்கே பாலம் ஆகாது, மேற்கே வெகுதூரம் தள்ளிப் போடு' என்று சொல்லிவிட்டது.

அக்கரையில் மகள் அருணாவின் வீடு. மாப்பிள்ளை துபாயில். பேத்தி பிறந்தபோது கைப்பிள்ளைக்குத் துணையாகப் போன மனைவி பொற்கொடி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. தரைப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனபின், அறந்தாங்கி சுற்றிப் பஸ் மாறி வர அவள் முழங்காலுக்குத் தெம்பில்லை. "பாலம் வரட்டும். காலையில வந்து ஒலை வச்சுச் சோறாக்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்று போனில் சொல்வாள். சாயங்காலம் அவள் கொடியில் துணி எடுப்பதை இவர் இங்கிட்டிருந்து பார்ப்பார். எது அவளுடைய சேலை என்பது இந்தத் தூரத்திலும் தெரியும்.

"ஐயா, ஒங்க கணக்குப்படி அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டே முங்கியிருக்கணும்" என்றாள் பிரகதீஸ்வரி. சந்தேகம் தீர்க்கத்தான் இன்று மறுபடி வந்திருந்தாள்.

"முங்கலியா?" என்றார் கவலையோடு. பிறகு குரல் இறங்கியது. "இடுப்புத் தண்ணிதான் தாயி. சத்தியமா."

"யாரு இடுப்பு?"

"எம் பொஞ்சாதி இடுப்பு. இந்தப் பனையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னோம். அந்த மிசினுக்கு ஏத்தத்தான் தெரியுமா, எறக்கத் தெரியாதா?"

"எறக்கலாங்கய்யா. ஆனா நீங்க சொல்லி இல்ல. அவங்க காட்டட்டும். வாயால கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அவளே நம்பர் வாங்கிப் பொற்கொடிக்குப் போன் போட்டாள். கரைக்கு வந்து, புயலன்று தண்ணீர் தன் உடம்பில் எதுவரை வந்ததென்று கையால் காட்டச் சொன்னாள். "நீங்க சைகை எதுவும் காட்டாதீங்க" என்று இவரிடம் சொல்லிவைத்தாள்.

அப்போதுதான் ஆண்டியப்பனுக்குப் பொற்கொடியின் குணம் நினைவுக்கு வந்தது. கல்யாணமான நாள்முதல் வெளியாள் முன்னால் பொற்கொடி அவரை விட்டுக்கொடுத்ததே இல்லை. அவர் பாம்பு பத்தடி என்றால், அவள் அடுப்படியிலிருந்து "பதினஞ்சு இருக்கும்" என்பாள். அந்தப் பனைமரக் கதை அக்கரைக்கும் போயிருக்கும். கெளுத்தியோடு சேர்ந்தே போயிருக்கும்.

அவள் வந்தாள். கரைச்சரிவில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி நின்றாள். நடுவில் செந்தண்ணீர் சுழித்து ஓடியது. ஆண்டியப்பன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பொய்யனாக்கிவிடு என்று ஒருத்தியிடம் மனதுக்குள் மன்றாடியது அவருக்கு இதுவே முதல் தடவை.

பொற்கொடி கையை நீட்டினாள். அது முழங்காலிலிருந்து கிளம்பி இடுப்புக்கு வந்தது.

"அவ்வளவுதானா?" என்று பிரகதீஸ்வரி போனில் கேட்டாள்.

பொற்கொடி, சேலைத் தலைப்பு காற்றில் படபடக்க, கையை அங்கேயே வைத்தபடி, இன்னும் ஏற்றணுமா என்று கேட்பதுபோல், இந்தக் கரையில் கை கட்டி நிற்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.