மாஸ்குக்கு மேலே

வெள்ளிக்கிழமைக்குள் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். இறந்துபோன ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து சந்திரலேகாவுக்குப் பொருத்திப் பார்க்கலாமாம். அந்த ஆஸ்பத்திரிக்கு இதுதான் முதல் முயற்சி. ஆயுசுக்கும் மாத்திரை, அப்படியும் உடம்பு ஏற்காமல் போகலாம். எல்லாம் பாரத்தில் எழுதியிருந்தது.

"கையெழுத்தப் போட்டுருட்டி" என்று தினமும் நச்சரித்தேன். நாங்கள் இருவரும் சங்கரன்கோவிலிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூம்.

"செத்துப்போன அந்தப் பிள்ளையோட அம்மை என்னைய ரோட்டுல பாத்தா என்ன செய்வா?" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றி இவளுக்கு என்ன கவலை? உண்மையைச் சொன்னால், அந்தப் புது முகம் எனக்குத்தான் தேவைப்பட்டது. எட்டு மாதத்துக்கு முன் குக்கர் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டவள் நான். கொதிக்கும் பருப்பு தெறித்து அவள் மூக்கும் கன்னமும் உதடும் வெந்தன. கண் தப்பியது. அன்றிலிருந்து குக்கர் பரணில்தான் கிடந்தது.

வியாழக்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் மூன்று தடவை சிவப்பு காட்டியது. பின்னால் ஷிப்ட்டே காத்து நின்றது. செக்யூரிட்டி பாபு நோட்டில் பெயர் எழுதி உள்ளே விட்டார்.

"பாத்தியா, மெஷினுக்கே என்னையப் பிடிக்கல. நாளைக்குப் போட்டுருதேன்" என்றாள்.

வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

செல்போன் சேர்க்கும் லைனில் எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க். அறுபது பேரில் யார் யாரென்று எனக்கே குழம்பும். சூப்பர்வைசர் அன்பு தூரத்திலிருந்தே கத்தினார்.

"சந்திரா! லீவு முடிஞ்சிதா? நீ இல்லாம ரிஜெக்ட் பீஸா குமிஞ்சிக்கினு கீது. போய் ஒக்காருமா!"

மதியம் கேன்டீனில் அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். அன்பு தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்து அவளை நேராகப் பார்த்தார்.

"இன்னாமா, புதுசா? எந்த லைனு?"

சந்திரா சட்டென்று கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

"அட, நம்ம சந்திரா!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இது யாரு, உன் ஃப்ரெண்டா?"

மூன்று வருஷமாக அவர் லைனில்தான் மாரடிக்கிறேன்!

"சார், நான் முத்துச்செல்வி!"

"கோச்சுக்காதமா. மாஸ்க்கு இல்லாம உங்க ஒருத்தர் மூஞ்சியும் எனக்குத் தெரியாது."

சந்திரா சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. உதடு ஒரு பக்கம் இழுத்தது. ஆனாலும் அது அவள் சிரிப்பேதான்.

சாயங்காலம் பாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பையில் எடுத்து வைத்தாள். "எனக்கு இந்த மூஞ்சியே போதும்ட்டி." ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து குக்கரை இறக்கினாள். கழுவினாள், அரிசி போட்டாள், மூடியை என்னிடம் நீட்டினாள்.

"நீயே மூடு."

சரியாகப் பொருந்தியதா என்று இரண்டு தடவை பார்த்து மூடினேன். இருவரும் அடுப்புப் பக்கத்திலேயே நின்றோம். முதல் விசில் வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இரு, இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள் சந்திரா.