பிறை இல்லாத சக்கரம்

போல்ட்டைத் தளர்த்திய பிறகுதான் ராங்கெல், கார் இன்ஜினில் பெல்ட் ஓடும் பல்சக்கரத்தை விரலால் தொட்டான். அது சுழன்றது. அதைத் தாங்கியிருந்த தண்டு சுழலவில்லை. பல்லின் மேல் காலையில் அவன் அக்கறையாக வைத்த வெள்ளைப் பெயிண்ட் புள்ளி, எதிரே இன்ஜின் மேல் வைத்த புள்ளியை விட்டு விலகிப் போய், வெறும் அழுக்காகிவிட்டது.

லோம் நகரத்துக் குடியிருப்புகளின் நடுவே கார் பிரிக்கிற எவனும் இப்படித்தான் புள்ளி வைப்பான். பழைய லாடா கார்களில் பழகிய கை. லாடாவில் சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையே பிறைபோல ஓர் இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றினாலும் சக்கரம் தன் தண்டை விட்டு நகராது. புள்ளியோடு புள்ளி சேர்ந்தால் போதும், மேலே வால்வுகள் திறப்பதும் கீழே பிஸ்டன்கள் ஏறுவதும் தாளம் தப்பாது. இந்தக் காரில் பிறை கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்துவதற்கு முன்பே தண்டுகளைப் பூட்டிவிட வேண்டும். பூட்டுவதற்கென்று தனிக் கருவிகள் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மொன்டானா நகரில் கிடைத்திருக்கும் தொழிற்சாலை வேலைக்கு நாளை விடியலில் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. தினமும் அத்தனை தூரம் ஓட வேண்டுமே, பெல்ட்டில் நூல் பிரிந்திருக்கிறதே என்றுதான் திறந்தான். திறந்த இடத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் கையோடு மாற்றிவிடலாம் என்று தோன்றிற்று.

அவன் மனைவி டோச்கா, இத்தாலியில் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக வேனில் இடம் சொல்லி வைத்திருந்தாள். வேன் இன்று மாலை. "நீ வேலைக்குப் போக இந்த வண்டி ஓடுறதை என் கண்ணால பாத்தா, நான் எதுக்கு அங்க போகப்போறேன்?" என்று சொல்லியிருந்தாள்.

பக்கத்துக் கராஜிலிருந்து மின்கோ சூரியகாந்தி விதை கொறித்தபடி வந்தார்.

"என்னடா ராங்கெலு, வைத்தியம் ஆச்சா, இல்ல பாதிரியாரைக் கூப்பிடட்டுமா?"

"மின்கோ அண்ணே, மெக்கானிக் ஸ்டாமென்கிட்ட பூட்டுற கருவி இருக்கும். ஒரு மணிநேரம் இரவல் கேட்டுச் சொல்லுங்களேன்."

மின்கோ போனில் பேசிவிட்டு உமியைத் துப்பினார். "பொண்டாட்டியையும் கருவியையும் இரவல் குடுக்கமாட்டானாம். வண்டியை இழுத்துட்டு வந்தா புதன்கிழமை பாக்கறேன்னான்."

"ஒரு பிறையை வச்சுத் தொலைக்கறதுக்கு இந்தக் காரைச் செஞ்சவனுங்களுக்கு என்ன கேடு?"

"வச்சா எல்லாத்தையும் நீயே மாட்டி முடிச்சிருவியே. கார் உன்னுது தாண்டா. திறக்கிற உரிமைதான் அவனுங்களுது."

பிறை இல்லாததன் காரணம் ராங்கெலுக்குத் தெரியும். பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது சக்கரம் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். அதன் பிறகு இறுக்கினால் தாளம் மயிரிழைகூடப் பிசகாது. அழகான யோசனை. திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் செய்திருந்தார்கள்.

வால்வுகளைத் திறக்கும் மேல் தண்டின் பின்முனையில் ஒரு பிளவு இருந்தது. பழைய கதவுக் கீலிலிருந்து பட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, அதில் செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது, தண்டு அசையவில்லை. அரைமணி நேரம் அவனுக்குப் பசிகூடத் தெரியவில்லை. பிஸ்டன்களை ஏற்றியிறக்கும் கீழ்த் தண்டு அப்படி மசியவில்லை. இன்ஜினின் பக்கவாட்டுத் துளையில் ஓர் ஊசியைத் திருகவேண்டும்; தண்டு சுழன்று வந்து அதன் நுனியில் முட்டி நிற்குமிடம்தான் பிஸ்டனின் உச்சி. ஊசியின் நீளம்தான் கணக்கே. அந்த நீளம் அவனுக்குத் தெரியாது. ஆகவே ஸ்பார்க் பிளக் துளை வழியாக நீண்ட ஸ்க்ரூடிரைவரை பிஸ்டன் தலையில் நிறுத்தி, அது ஏறுவதை விரலால் உணர்ந்து பார்த்தான். ஆனால் உச்சிக்குப் போன ஊஞ்சல் ஒரு கணம் நிற்பதுபோல பிஸ்டனும் அங்கே நிற்கும். கீழே தண்டு நகர்ந்துகொண்டே இருக்க, மேலே ஸ்க்ரூடிரைவர் சும்மா நிற்கும். அந்த நிற்றலுக்குள் நடு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. ஓரிடத்தை உச்சி என்று நம்பி, பெல்ட்டை மாட்டி, போல்ட்டை இறுக்கினான்.

சாவியைத் திருப்பினான். மறுத்தது. மறுபடியும் திருப்பினான். பிடித்துக்கொண்டது.

மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டுப் பால்கனிக் கதவு திறந்தது. டோச்கா கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்வது கீழிருந்தே தெரிந்தது. ராங்கெல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது, புகைபோக்கி இருமியது, மின்கோவின் கையிலிருந்த விதைகள் வாய்க்குப் போகாமல் நின்றன. பிறகு ஓசை அடங்கியது. மீண்டும் திருப்பினான். மீண்டும். பேட்டரி இளைத்து முனகத் தொடங்கியபோது நிமிர்ந்து பார்த்தான். பால்கனியில் யாரும் இல்லை.

"நாளைக்கு நல்லா ஓடும்னு அவகிட்டச் சொல்லேன்," என்றார் மின்கோ மெதுவாக.

"அவளுக்கும் காது இருக்கு, அண்ணே."

வேன் வந்து வாசலில் நின்றபோது டோச்கா சூட்கேஸோடும் துணிப்பையோடும் படியிறங்கி வந்தாள். அவன் அவளிடம் ஓடினான். வெளிர்நிறப் பைக்கு முன்னால் வந்து நின்றபின்தான் முழங்கைவரை கரி அப்பியிருந்த தன் கைகளைப் பார்த்தான்.

"குடு, நான் தூக்கறேன்."

"வேணாம், கறையாயிடும். அங்க போய் எப்படித் துவைப்பேன்?"

ராங்கெல் சட்டைக்கையைத் தோள்வரை ஏற்றி, கரிபடாத மேல்கையை அவள் முன் நீட்டினான். டோச்கா ஒரு கணம் பார்த்துவிட்டு, பையின் வாரை அதில் மாட்டினாள். இரண்டு கைகளையும் உடம்பிலும் பையிலும் படாமல் காற்றில் உயர்த்திப் பிடித்தபடி, அவளுக்குப் பின்னால் அவன் வேனை நோக்கி நடந்தான்.